கோடு நேரான கதை

‘நேர்கோடு’ என்ற சொல்லைச் சங்க காலத்துப் புலவர் யாரிடமாவது காட்டினால் மனிதர் குழம்பிப் போவார். அவருக்குக் கோடுதல் என்றால் வளைதல். நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் இரண்டு குறள்களை ‘கோடாமை சான்றோர்க்கு அணி’ என்றே முடிக்கிறார், அதாவது ஒரு பக்கமாக வளைந்துவிடாமல் இருப்பதுதான் பெரியவர்களுக்கு அழகு. அப்படிப்பட்ட சொல்லை எடுத்து, ஸ்கேலை வைத்துப் பென்சிலால் இழுக்கிற, துளியும் வளையாத ஒன்றுக்கு நாம் பெயராக வைத்திருக்கிறோம். பழைய தமிழில் பிடிவாதமாக வாசித்தால் நேர்கோடு என்பது ‘நேரான வளைவு’.

யானைத் தந்தம் கோடு. மாட்டின் கொம்பு கோடு. மரக்கிளை, மலை உச்சி, குளக்கரை, சங்கு எல்லாமே பழைய நூல்களில் கோடுதான். எதுவுமே நேராக இல்லை பாருங்கள். ஆனால் இத்தனையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மொழியியலாளர்கள் பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் (1984இல் இரண்டாம் பதிப்பு வந்தது) வளைவு தனிப் பதிவு, கொம்பும் கிளையும் தனிப் பதிவு, மலையுச்சி இன்னொரு பதிவு. அவர்கள் கறாரான ஆட்கள், மற்ற திராவிட மொழிகளில் ஒலியும் பொருளும் ஒத்து வந்தால்தான் ஒரே கூரைக்குள் விடுவார்கள். நமக்கோ கொம்பைப் பார்த்தாலே வளைவு ஞாபகம் வந்துவிடுகிறது, அதை எந்த அகராதியும் தடுக்க முடியாது.

சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் சூரியனை வாழ்த்தும் இடம் எல்லோருக்கும் தெரியும். ‘ஞாயிறு போற்றுதும் ஞாயிறு போற்றுதும், காவிரி நாடன் திகிரிபோல் பொற்கோட்டு மேரு வலந்திரிதலான்.’ பள்ளியில் மனப்பாடம் செய்து ஒப்பித்ததோடு சரி, அப்புறம் நின்று பார்த்திருக்க மாட்டோம். திகிரி என்றால் சக்கரம், சோழனின் ஆணைச் சக்கரம். கோடு என்றால் மேருவின் பொன்னான உச்சி. திரிதல் என்றால் சுற்றி வருதல். இரண்டே வரியில் இளங்கோ வளைவையும் சுழற்சியையும் மூன்று சொற்களில் அடுக்கிவிட்டார். அந்தக் கோட்டுக்கு இன்னொரு பெயர் கொடுமுடி. ஈரோட்டுப் பக்கம் காவிரிக் கரையில் இருக்கும் ஊரின் பெயரும் அதுதான்.

கொடுமுடி என்றதும் கொடு வந்துவிட்டது. இதுதான் எனக்கு இந்தக் கூட்டத்திலேயே மிகவும் பிடித்த சொல். கொடு என்றால் வளைந்த. கொடுவாள் வளைந்த வாள், கிராமத்தில் கொடுவா என்பார்கள். தேளின் கொடுக்கு வளைந்திருக்கும். கொடுக்காப்புளி மரத்தின் காய் சுருண்டு தொங்கும், சில ஊர்களில் அதைக் கோணப்புளியங்காய் என்பதும் அதனால்தான். கொடுந்தமிழ் என்று இலக்கணக்காரர்கள் சொன்னது கொடூரமான தமிழை இல்லை, செந்தமிழ் வழக்கிலிருந்து கொஞ்சம் வளைந்த வட்டாரத் தமிழை. பேசியவர்கள் யாரும் அதில் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை!

அப்புறம் கொடுங்கோல். அரசன் கையில் இருக்கும் கோல் நேராக இருந்தால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். 2023 மே மாதம் டெல்லியில் புதிய நாடாளுமன்றத்தில் கொண்டுபோய் வைத்தார்களே, அந்தச் செங்கோலில் உள்ள ‘செம்’ சிவப்பைச் சொல்வதில்லை, நேர் என்பதைச் சொல்கிறது. இந்தக் கோல் வழியாகத்தான் கொடுமை என்ற சொல்லுக்கு இன்றைய பொருள் ஏறியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் வெறும் வளைவு, பிறகு நீதியின் வளைவு, பிறகு அந்த நீதியால் அடிபட்டவன் படும் பாடு. இன்று மாமியார் கொடுமை, வெயில் கொடுமை, கொசுத் தொல்லை கொடுமை என்று எங்கெங்கோ போய்விட்டது, வளைவு யாருக்கும் நினைவில் இல்லை.

சிலம்பில் பாண்டியன் கதை முழுக்க இந்தக் கோலைச் சுற்றித்தான் நடக்கிறது. தவறான தீர்ப்பு சொன்னதும் கோல் வளைந்துவிடுகிறது. தன் தவறு தெரிந்த கணத்தில் நெடுஞ்செழியன் அரியணையிலேயே விழுந்து உயிரை விடுகிறான். அந்தச் செய்தியைக் கேட்டு வஞ்சிக் காண்டத்தில் சேரன் செங்குட்டுவன் சொல்வதுதான் உச்சம்: வல்வினை வளைத்த கோலை, போகிற உயிர் நிமிர்த்திச் செங்கோல் ஆக்கிவிட்டதாம். உயிரைக் கொடுத்துத்தான் ஒரு வளைவை நிமிர்த்த முடிந்தது. எதிரி நாட்டு அரசனைப் பற்றி இன்னொரு அரசன் இவ்வளவு மரியாதையாகப் பேசுவதை இன்றைய செய்திகளில் தேடிப் பாருங்கள்.

வளைவைத் தப்பாகவும் நேரைச் சரியாகவும் பார்ப்பது தமிழுக்கு மட்டும் உள்ள பழக்கம் என்று பெருமைப்படவும் முடியாது, வெட்கப்படவும் வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் தப்பைக் குறிக்கும் ‘ராங்’ என்ற சொல் முறுக்குதல், பிழிதல் என்ற வேரிலிருந்து வந்தது, ‘ரைட்’ என்பதன் பழைய பொருள் நேர். சமஸ்கிருதத்தில் வக்கிரம் என்றால் வளைந்தது, அதையே நாம் வக்கிர புத்தி என்கிறோம், ஜோசியக்காரர்கள் கிரகம் பின்னோக்கித் திரும்புவதுபோல் தெரிவதை வக்கிரம் என்கிறார்கள். கோணல் புத்தி, குறுக்குப் புத்தி எல்லாம் நம் சொந்தச் சரக்கு. நேர்மை என்ற சொல்லே நேராக இருப்பதுதான்.

சரி, வள்ளுவரும் இந்தக் கட்சிதானா? இங்கேதான் அவர் ஒரு வேலை காட்டுகிறார். கூடாவொழுக்கம் அதிகாரம், வேடதாரிச் சாமியார்களைப் பிடித்துக் காய்ச்சும் அதிகாரம், அதில் 279ஆவது குறள்:

‘கணைகொடிது யாழ்கோடு செவ்விதாங் கன்ன
வினைபடு பாலால் கொளல்.’

அம்பு கொடியது, யாழின் வளைந்த தண்டு நல்லது, ஆகவே ஆளின் தோற்றத்தைப் பார்க்காமல் செய்கிற வேலையைப் பார்த்து எடை போடு. இப்படித்தான் உரைகளில் படித்திருப்போம். ஆனால் கொடிது, கோடு, செவ்விது என்ற மூன்று சொற்களையும் அவற்றின் பழைய உடம்போடு வாசித்துப் பாருங்கள். நேராக இருக்கிற அம்பை ‘வளைந்தது’ என்கிறார். வளைந்திருக்கிற யாழ்த் தண்டை ‘நேரானது’ என்கிறார். கொடு என்ற சொல்லுக்கு வளைவு, தீமை என இரண்டு பொருளும் ஒரே சமயத்தில் உயிரோடு இருந்த காலத்தில் இதைக் கேட்டவர்கள் நிச்சயம் ஒரு நிமிடம் புன்னகைத்திருப்பார்கள். இன்றைய எளிய உரைகளில் இந்த விளையாட்டு முழுசாக உதிர்ந்துவிடுகிறது, கருத்து மட்டும் மிஞ்சுகிறது. எனக்கு அது பெரிய நஷ்டமாகவே படுகிறது.

யாழின் அந்தத் தண்டைப் புறநானூறு ‘வணர்கோட்டுச் சீறியாழ்’ என்கிறது. வணர் என்றாலும் வளைவு, கோடு என்றாலும் வளைவு, சின்ன யாழுக்கு இரண்டு வளைவுச் சொற்கள். வணர், வணங்கு, வணக்கம் மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் தினமும் நாம் சொல்கிற வணக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். உடம்பை வளைப்பதுதான் வணக்கம். இதையும் வள்ளுவர் சும்மா விடவில்லை. ‘சொல்வணக்கம் ஒன்னார்கண் கொள்ளற்க வில்வணக்கம் தீங்கு குறித்தமையான்.’ எதிரி பணிவாகப் பேசினால் நம்பாதே, வில் வளைவதும் ஒரு வணக்கம்தான், ஆனால் அது அம்பு வரப்போகிறது என்பதற்கு அடையாளம். தேர்தலுக்கு முன்னால் கைகூப்பியபடி சிரிக்கும் போஸ்டர்கள் ஊரெல்லாம் ஒட்டப்படும் வாரங்களில் எனக்கு இந்தக் குறள் தவறாமல் நினைவுக்கு வரும்.

ஆக, வளைவுக்கு ஒரேயடியாகக் கெட்ட பெயர் வந்துவிடவில்லை. இடத்தைப் பொறுத்து அதே சொற்கள் நல்லவையாகவும் திரும்பிக்கொள்கின்றன. சுற்றம் என்றால் சுற்றி இருப்பவர்கள், உறவுக்காரர்கள். ‘சுற்றத்தால் சுற்றப்பட ஒழுகல்’ என்று அந்தச் சொல்லை அவிழ்த்துக் காட்டுவதும் குறள்தான். சூழ் என்ற சொல்லுக்கு மட்டும் விதி வேறு மாதிரி அமைந்தது. சூழ்தல் என்றால் சுற்றி வருதல், ஒரு விஷயத்தை எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்த்து யோசிப்பதும் சூழ்தல். அரசனுக்கு ஆலோசனை சொல்பவர்கள் சூழ்வார். ‘சூழ்வார்கண் ணாக ஒழுகலான்’ என்றால் ஆலோசகர்களைக் கண்ணாகக் கொண்டு நடப்பதால் என்று அர்த்தம். சூழ்ச்சி என்பதும் நல்ல ஆலோசனைதான். அந்தச் சூழ்ச்சி இன்று எங்கே நிற்கிறது? டிவி சீரியல் வில்லியின் சமையலறையில்! ஆலோசனை சொன்னவர்கள் என்ன செய்தார்களோ, சொல்லின் பெயர் கெட்டுவிட்டது. சூழல் மட்டும் தப்பித்தது. சுற்றுச்சூழல் என்ற புதுச்சொல்லில் சுற்றும் இருக்கிறது, சூழலும் இருக்கிறது, யாருக்கும் அது கூறியது கூறலாகப் படவில்லை.

சுற்று, சுழல், முறுக்கு, திருகு, வளை, மடி, நெளி, உருள், குனி. இவற்றையெல்லாம் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போட முடியாது. பள்ளிப் பாடத்தில் பூமி தன்னைத்தானே சுழல்கிறது, சூரியனைச் சுற்றுகிறது என்று வரும், மாற்றிச் சொன்னால் மார்க் போய்விடும். ஆனால் பாடப்புத்தகத்தை விட இதை நன்றாகக் காட்டுவது கை முறுக்கு. கல்யாண சீர் முறுக்குக்கு மாவு பிசைந்து, ஈரத் துணியை விரித்து, முன்னால் உட்காரும் பெண்மணியின் விரல்களை மட்டும் பாருங்கள். பச்சரிசி மாவும் உளுந்து மாவும் வெண்ணெயும் சீரகமும் சேர்ந்த உருண்டையிலிருந்து கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கொஞ்சம் கொஞ்சமாக இழையை இழுக்கும், இழுக்கும்போதே அந்த இழை தன் நீளவாக்கில் புரி ஏறிக்கொண்டே வரும். அதுதான் முறுக்கு. அதே சமயம் கை மொத்தமாக ஒரு நடுப்புள்ளியைச் சுற்றி வட்டமாக நகர்ந்துகொண்டிருக்கும். அதுதான் சுற்று. அதனால்தான் பலகாரத்தின் பெயர் முறுக்கு, அளவின் பெயர் ஐந்து சுற்று, ஏழு சுற்று, ஒன்பது சுற்று. விரலில் நடப்பது ஒன்று, மணிக்கட்டில் நடப்பது ஒன்று. இரண்டில் எது பிசகினாலும் எண்ணெயில் போட்டதும் பிரிந்துவிடும். அச்சில் பிழிகிற தேன்குழலில் சுற்று உண்டு, முறுக்கு கிடையாது, ஆனாலும் நம்மில் பலர் அதையும் முறுக்கு என்றே சொல்கிறோம், கேட்டால் கை முறுக்குக்காரர்களுக்குக் கோபம் வரும்.

புரி என்று சொன்னேன். அதுவும் முறுக்குதான். வைக்கோற்புரி, முப்புரி நூல். வலம்புரிச் சங்கு என்றால் வலப்பக்கமாக முறுக்கிக்கொண்ட சங்கு. சங்கின் இன்னொரு பெயர் வளை. சங்கை அறுத்துச் செய்ததால் கையில் போடுவதும் வளை, பிறகு வளையல். எலி தோண்டுவதும் வளை, ‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்று வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது சொல்லியிருப்பார்கள். சங்கு அறுப்பதை அகநானூற்றின் 24ஆம் பாடலில் ஆவூர் மூலங்கிழார் காட்டியிருக்கிறார். வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன், வாள் போன்ற அரத்தால் சங்கைக் குறுக்காக அறுத்து வளையல்களை எடுத்துக்கொள்கிறான். கடைசியில் வளையலுக்கு உதவாத கூர்முனை மட்டும் மிஞ்சுகிறது. அந்த முனையைப் போல இருக்கிறதாம் இன்னும் பிரியாத பகன்றை மொட்டு. ‘சுரிமுகப் பகன்றை’ என்கிறார், சுரி என்றால் சுருண்ட, முறுக்கிய. குப்பையில் போகிற சங்குத் துண்டைக் குனிந்து எடுத்துப் பார்த்த ஆளுக்குத்தான் இப்படி எழுத வரும். சுரி, சுருள், சுருட்டு எல்லாம் பக்கத்துப் பக்கத்து வீடு. அந்தச் சுருட்டு கப்பலேறி ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆனது. பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடுவது மட்டும் எந்த மொழிக்கும் போகாமல் இங்கேயே இருக்கிறது.

திரி என்ற சொல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் குடும்பம் பெரிது. பஞ்சையோ பழைய வேட்டித் துணியையோ உள்ளங்கையில் வைத்து உருட்டித் திரித்தால் விளக்குத் திரி. தென்னை நாரைத் திரித்தால் கயிறு, பொய்யைத் திரித்தாலும் கயிறு, கெட்டிக்காரன் மணலையே கயிறாகத் திரிப்பான். தானியம் உடைக்கிற கல் திரிகை. வேலையில்லாமல் ஊரைச் சுற்றுவது திரிவது. பால் கெட்டால் திரிந்துவிட்டது என்போம். அங்கே எதுவும் சுற்றவில்லை, தன் இயல்பிலிருந்து வேறாக மாறிவிட்டது என்று பொருள். இதே பொருளில்தான் இலக்கணத்தில் திரிசொல் வருகிறது, புணர்ச்சியில் திரிதல் விகாரம் வருகிறது. சிலப்பதிகாரத்தில் பாலை நிலம் எப்படி உண்டாகிறது என்று சொல்லும் இடத்திலும் ‘முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து’ என்றுதான் இருக்கிறது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து போனால் பாலை. பால் திரிவதையும் நிலம் திரிவதையும் ஒரே வினைச்சொல்லால் சொல்லிவிட முடிகிற மொழி இது.

திரும்பு, திருப்பு, திருகு, கம்மலின் திருகாணி, கதையின் திருப்பம் எல்லாம் இந்தக் குடும்பம்தான். தெலுங்கில் திருகு என்றால் சுற்று, திரும்பு. மலையாளத்தில் திரியுக. கன்னடத்திலும் திருகு உண்டு. ஆனால் திருமகளின் திருவும் திருப்பதியின் திருவும் வேறு, அதைக் கொண்டுவந்து இதோடு முடிச்சுப் போடக் கூடாது. சொன்னால் சிரிப்பீர்கள், ‘மனிதர்கள் மனம் திரும்பும் இடம் என்பதால்தான் திரு’ என்று விளக்கும் காணொளிகள் வரத்தான் செய்கின்றன.

இந்த மாதிரி விளக்கங்களில் அதிகம் மாட்டிக்கொண்டது 1031ஆவது குறள். ‘சுழன்றும்ஏர்ப் பின்னது உலகம்.’ உலகம் சுழல்கிறது என்று வள்ளுவர் அன்றே சொல்லிவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் இது சுழன்றுகொண்டே இருக்கிறது. உலகம் என்பது இங்கே உலகத்து மக்கள். வேறு வேறு தொழில்களைத் தேடி அலைந்தாலும் கடைசியில் ஏர் பிடிப்பவன் பின்னால்தான் நிற்க வேண்டியிருக்கிறது என்கிறார். பரிமேலழகரும் அப்படித்தான் உரை எழுதியிருக்கிறார். பூமியைச் சுழல வைத்தால் அடுத்து வரும் ‘அதனால் உழந்தும் உழவே தலை’ என்பதோடு ஒட்டவே ஒட்டாது. உழவைப் பற்றிச் சொன்னது போதாதென்று அவருக்கு வானவியலிலும் ஒரு பட்டம் கொடுக்க வேண்டுமா?

சுழி என்ற சொல்லை நாம் ஒன்றாம் வகுப்பிலேயே கற்றுக்கொள்கிறோம், மூன்று சுழி ண, இரண்டு சுழி ன. கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி. ஆற்றில் சுழி, தலைமுடியில் சுழி, மாட்டுச் சந்தையில் காளையின் நெற்றியையும் முதுகையும் தடவிப் பார்த்து விலை பேசுகிறவர்கள் தேடுவதும் சுழிதான். கணக்கில் ஒன்றுமில்லாததும் சுழி. பிடிக்காததைப் பார்த்தால் முகம் சுழிக்கிறோம். விருதுநகர் மாவட்டத்தில் திருச்சுழி இருக்கிறது, ரமணர் 1879இல் பிறந்த ஊர், தேவாரத்தில் அதன் பெயர் திருச்சுழியல். பெருவெள்ளத்தைச் சிவன் அங்கே சுழித்து உள்ளே போகச் செய்தார் என்பது தலபுராணம்.

தட என்ற சொல்லைப் பற்றி ஒரு வரி. தடக்கை, தடந்தோள் என்றால் பெரிய கை, பெரிய தோள். தொல்காப்பியர் உரியியலில் அதற்குப் பெருமை என்று பொருள் சொல்லிவிட்டு உடனே ‘தட என் கிளவி கோட்டமும் செய்யும்’ என்று சேர்க்கிறார். வளைவு என்ற பொருளும் உண்டு, எருமையின் தடமருப்பு என்றால் வளைந்த கொம்பு. கோட்டம் என்றால் வளைவு என்று அவர் காலத்து மாணவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நமக்கு வள்ளுவர் கோட்டம்தான் நினைவுக்கு வரும், அந்தக் கோட்டம் கோயில் என்ற பொருளில் வருவது.

இப்போது கொஞ்சம் சண்டை பிடிக்கும் இடம். வட்டம் தமிழா, வடமொழியா? பல மொழியியலாளர்கள் சொல்வது, சமஸ்கிருதத்தின் விருத்தம் பிராகிருதத்தில் வட்ட ஆகி நம்மிடம் வட்டமாக வந்தது என்று. தமிழறிஞர் பாவாணர் ஒப்ப மாட்டார், அவருக்கு வட்டமும் வளையும் ஒரே தமிழ் வேரின் பிள்ளைகள். அவரை இயக்குநராக வைத்து 1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் தொடங்கியது, அந்த அகரமுதலியின் பக்கங்களைப் புரட்டினால் இந்த வாதத்தின் சூடு இன்னும் ஆறவில்லை என்பது தெரியும். என் மனம் வட்டம் விஷயத்தில் பிராகிருதக் கட்சிப் பக்கமே கொஞ்சம் சாய்கிறது. ஆனால் கையோடு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வளை, கோடு, திரி, சுழல், முறுக்கு, நெளி, மடி என்று இத்தனை வைத்திருக்கிற மொழி ஒரு வட்டத்தை வாங்கியதால் ஏழையாகிவிடாது.

வாங்கிய சொற்களிலும் சுவாரசியம் குறைவில்லை. அந்த விருத்தத்தின் வேருக்குத் திரும்புதல் என்றே பொருள். பரிவர்த்தனை, நிவர்த்தி, கச்சேரியில் தனி ஆவர்த்தனம், எல்லாவற்றுக்குள்ளும் அந்தத் திரும்புதல் இருக்கிறது. விருத்தம் பாட்டுக்கும் பெயரானது. லத்தீனில் இதே வேரிலிருந்து வந்த ‘வெர்சுஸ்’ என்ற சொல்லுக்கு உழுசால் என்று பொருள், உழுகிறவன் வயல் ஓரம் வரை போய்த் திரும்புவதால். பிறகு செய்யுள் வரிக்கும் அதுவே பெயர். நம் ஊரிலும் ஏர் ஓட்டுகிறவர் ஓரத்துக்குப் போனதும் மாட்டை மடக்குவார், செய்யுளிலும் மடக்கு என்றொரு அணி இருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று சொல்ல வரவில்லை, மடக்கு அணியில் சொல் மடங்கி மறுபடி வரும், அவ்வளவுதான். ஆனால் யோசிக்க நன்றாக இருக்கிறது.

சக்கரம் சமஸ்கிருதம், சைக்கிள் கிரேக்கத்திலிருந்து ஆங்கிலம் வழியாக வந்தது. இரண்டுக்கும் மூலம் ஒரே இந்தோ ஐரோப்பியச் சொல், சக்கரத்தைக் குறித்த சொல். ஆக சைக்கிள் சக்கரத்துக்குக் காற்றடிக்கப் போகும்போதெல்லாம் ஒரே சொல்லை இரண்டு தடவை சொல்கிறோம். வளைகுடாவும் அப்படித்தான், குடா என்றாலே வளைவு. ‘சுற்றி வளைத்துப் பேசாதே’ என்று திட்டும்போது நாமே ஒரு தடவை சுற்றி ஒரு தடவை வளைத்துவிடுகிறோம்.

இத்தனை சொற்கள் இருந்தும் வண்டி ஓட்டுகிறவர்கள் இவற்றில் எதையும் சீண்டுவதில்லை. கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். பலகையில் ‘வளைவு’. பஸ்ஸுக்குள் பயணிகள் பேச்சில் ‘பெண்டு’. எதிரே லாரி வந்து பஸ் பாதி வளைவில் மாட்டிக்கொண்டால், கண்டக்டர் இறங்கிப் பின்னால் போய்த் தகரத்தைத் தட்டிக்கொண்டே கத்துவது ‘ஒடி, ஒடி, நல்லா ஒடி!’ ஸ்டியரிங்கைத் திருப்பு என்று யாரும் சொல்வதில்லை. ஒடிப்பது என்றால் குச்சியை முறிப்பது, அதை எப்படித் திருப்புவதற்கு எடுத்துக்கொண்டார்கள்? முன் சக்கரம் வண்டியின் நேரிலிருந்து முறிந்ததுபோல் மடங்கி நிற்பதைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம், மாட்டு வண்டி காலத்திலேயே வந்த சொல்லாகவும் இருக்கலாம். ‘லெஃப்ட்ல ஒடிச்சு எடு’, ‘இன்னும் ஒரு ஒடி ஒடி’ என்று நான் பழகிய டிரைவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அகராதியில் இந்தப் பொருளில் ஒடியைத் தேடினால் சுலபமாகக் கிடைப்பதில்லை. உங்கள் ஊர்ப் பக்கம் பஸ்ஸையோ டிராக்டரையோ மாட்டையோ திருப்பச் சொல்ல வேறு சொல் புழங்கினால் கீழே எழுதுங்கள், ‘யூ டர்ன் அடி’ மட்டும் வேண்டாம், அது என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது.